பல் வைத்த சுவர்

— கண்ணை ரொம்ப ஒட்டாதே. கொஞ்சம் தள்ளி வை. இப்ப என்ன தெரியுது?

— என் இமைமுடி தெரியுது.

— அதான் சொன்னேன். பின்னால வா. அதாவது, பார்த்தே ஆகணும்னு முண்டியடிச்சா மைக்ராஸ்கோப்புல ஒண்ணும் தெரியாது. சும்மா இருந்தா அதுவா தெரியும்.

— கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் உங்க லேபுக்குள்ள கால் வச்சிருக்கேன். வந்ததும் வராததுமா பாடம் எடுக்காதீங்க. பாடம் எடுக்கிறது என் பொழப்பு.

— மன்னிக்கணும் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா. இப்ப?

— ம். இப்ப தெரியுது. அய்யய்ய, என்னங்க இது, உலையில கொதிக்கிற மாதிரி இருக்கு!

— கொதிக்கலை, நீந்துது. ஒரு சொட்டுத் தண்ணியில கோடிக்கணக்குல கிருமி. கையை இழுத்துக்காதே, உன்னை ஒண்ணும் செய்யாது. ஒவ்வொண்ணுக்கும் வால் இருக்கு. அதாவது, தன்னைத் தானே தள்ளிக்கிட்டுப் போகும். வெளியில இருந்து யாரும் தள்ள வேண்டாம், இழுக்க வேண்டாம்.

— மத்தியான மணி அடிச்சதும் எங்க மைதானம் இப்படித்தான் இருக்கும்.

— அதே! அகலமான இடத்துல விட்டா சுழல் சுழலா சுத்திக்கிட்டே கிடக்கும். எங்கயும் போய்ச் சேராது. இப்ப கண்ணாடித் தட்டை நகர்த்துறேன், கவனி. இது ஒரு வாய்க்கால். அகலம் உன் தலைமுடி அளவுதான் இருக்கும்.

— அட.

— என்ன அட?

— எல்லாம் ஒரே பக்கமா போகுதே! யாரு வரிசைல நிக்கச் சொன்னா?

— யாரும் சொல்லலை. இடத்தைக் குறுக்கினோம், அவ்வளவுதான். சுத்துறதுக்கு இடமில்ல. பக்கத்துல இருக்கிறது எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே தானும் போகும். முன்னால தலைவன் கிடையாது, பின்னால பிரம்போட வாத்தியார் கிடையாது.

— இடது பக்கம் போகுது. ஏன் வலது பக்கம் போகலை?

— அப்படிக் கேளு! என்கிட்ட ஆராய்ச்சி பண்ண வந்த பொண்ணுக்கு இந்தக் கேள்வி வர ஆறு மாசம் ஆச்சு. சுவர் வழவழன்னு இருந்தா அது காசைச் சுண்டிப் போடுற மாதிரிதான். காலையில இடது, மத்தியானம் வலது. நாம நினைக்கிற பக்கம் போகணும்னா சுவருக்குப் பல் வைக்கணும். அடுத்த வாய்க்காலைக் காட்டுறேன், பாரு. ரெண்டு பக்கமும் ரம்பப் பல் மாதிரி சாய்வா இருக்கா?

— எங்க ஸ்கூல் வராந்தா.

— உங்க வராந்தாவேதான். இதைப் பார்த்துத்தான் அங்க பலகை அடிக்கச் சொன்னேன்.

— தச்சர் இன்னும் உங்களை வாயார வாழ்த்திக்கிட்டு இருக்கார். 'முப்பது வருஷமா நேரா அடிச்சுப் பழகின கை, கோணலா அடிக்கச் சொன்ன ஒரே மனுஷன் உங்க வீட்டுக்காரர்தான்'னு.

— பிள்ளைங்க என்ன சொல்றாங்க?

— முதலை வாய்னு பேர் வச்சிருக்காங்க. 'முதலை வாயில போறோம் டீச்சர்'னு கத்திக்கிட்டே ஓடுவாங்க. சின்னதுங்க அந்த இடுக்குல ஒளிஞ்சு விளையாடுதுங்க.

— விளையாடட்டும். நீ மட்டும் என்னவாம்? முதல் தடவை நான் இதைச் சொன்னப்ப ஒரு மாசம் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை.

— பேசுவேனா? என் பிள்ளைங்க படியில ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து கிடந்தாங்க. மணி அடிச்சது, மூணு மாடியும் ஒரே நேரத்துல இறங்குச்சு, வாசல்ல அடைச்சுக்கிச்சு. ஒரு பொண்ணுக்குத் தோள் எலும்பு முறிஞ்சு போச்சு. அவ அம்மா என் மேசைக்கு எதிர்ல உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாம என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. திட்டியிருந்தாக்கூடத் தேவலை. அழுதுகிட்டு வீட்டுக்கு வரேன். நீங்க சாப்பிட்ட தட்டைத் தள்ளி வச்சுட்டு, மேசை மேல தண்ணியைத் தொட்டுக் கோடு போட்டு, 'கிருமியெல்லாம் இப்படித்தான்'னு ஆரம்பிச்சீங்க.

— தப்பான நேரம். ஒத்துக்கிறேன்.

— தப்பான வார்த்தை. என் பிள்ளைங்களைக் கிருமின்னீங்க.

— கிருமின்னு சொல்லலை. கிருமி மாதிரின்னேன்.

— ரொம்பப் பெரிய வித்தியாசம்.

— வித்தியாசம்தாம்மா. என் பொழப்பே அந்த 'மாதிரி'லதான் ஓடுது. ஆனா பிறகு நீதானே வந்து, 'அளக்கிற டேப்பை எடுத்துக்கிட்டு நாளைக்கு ஸ்கூலுக்கு வாங்க'ன்னே?

— வேற வழி? தாளாளர் ஆளுக்கொரு விசிலும் பிரம்பும் கொடுத்து ஆறு காவலாளிங்களை நிறுத்தலாம்னார். பிள்ளைங்களை ஆடு மாடு மாதிரி விரட்டுறதுக்குக் கிருமி மாதிரி நடத்துறது மேல்னு தோணுச்சு.

— கத்தி விரட்டினா வேகம்தான் கூடும். வேகம் கூடக் கூட வாசல் அடைக்கும். அதைத்தான் அந்த மனுஷனுக்கு ஒரு மணி நேரம் சொன்னேன். கொட்டாவி விட்டார்.

— கொட்டாவி விட்டது உங்களுக்குத் தெரியும். நீங்க போன பிறகு என்ன நடந்துச்சுன்னு தெரியாது. 'உங்க வீட்டுக்காரர் சோதனை பண்ணிப் பார்க்க எங்க ஸ்கூல்தான் கிடைச்சுதா?'ன்னு கேட்டார். இது சரிப்படலைன்னா நான் வேலையை விட்டுப் போயிடறேன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் தச்சரைக் கூப்பிடச் சம்மதிச்சார்.

— இதை நீ என்கிட்ட சொல்லவே இல்லையே.

— சொன்னா நீங்க பயந்துகிட்டுப் பலகையை நேரா அடிக்கச் சொல்லிடுவீங்க.

— அது சரி. ஆமா, என்ன இன்னைக்குத் திடீர்னு? ஸ்கூல் விட இன்னும் நேரம் இருக்கே?

— இன்னைக்குச் சீக்கிரமே விட்டாச்சு. பத்தரை மணி வாக்குல நீள மணி அடிச்சோம்.

— ஒத்திகையா! அடிப்பாவி, சொல்லவே இல்லையே! நானும் வந்து ஒரு ஓரமா நின்னு பார்த்திருப்பேனே.

— சொல்ல நேரமில்ல.

— சரி, உட்காரு. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உட்காரு. முதல்ல இருந்து சொல்லு. ஒண்ணையும் விடாதே. மணி அடிச்சதும் என்ன ஆச்சு?

— மணி நின்னுச்சு. அப்புறம் எல்லா வகுப்புலயும் பெஞ்சு நகர்ற சத்தம். நான் கீழ வாசல்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தேன். முதல்ல முதல் மாடி இறங்குச்சு.

— ஓடி வந்தாங்களா, நடந்து வந்தாங்களா?

— ரெண்டும் இல்ல. எப்படிச் சொல்றது? குடத்தைச் சாய்ச்சா தண்ணி வரும் பாருங்க, அப்படி வந்தாங்க. படியில கொஞ்சம் தள்ளுமுள்ளு இருந்துச்சு. வராந்தாவுக்குள்ள நுழைஞ்சதும் அது தானா அடங்கிடுச்சு. ஒரு தோள் இப்படிச் சாயுது, அடுத்த தோளும் அதே பக்கம் சாயுது. ஒருத்தரை ஒருத்தர் இடிக்கவே இல்ல.

— வாசல்ல? வாசல்ல அடைச்சுதா?

— இல்லைங்க. வாசலுக்கு முன்னால கொஞ்சம் ஓரமா ஒரு தூண் வைக்கச் சொன்னீங்களே. வழியில எதுக்குங்க தூண்னு நானே உங்ககிட்ட சண்டை போட்டேன். அங்க வந்து ரெண்டா பிரிஞ்சு, தூணுக்கு அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதின்னு வெளிய போயிட்டாங்க. விசில் இல்ல, அதட்டல் இல்ல. பார்த்துக்கிட்டே இருந்தேன். எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

— பார்த்தியா! பார்த்தியா! நான் சொன்னேனா இல்லையா? அதாவது, நாம ஒருத்தருக்கும் உத்தரவு போடலை. சுவர் உத்தரவு போடுது. அதுவும் உத்தரவுன்னு தெரியாமலே போடுது! இரு, உனக்கு ஒரு டீ போட்டுத் தரேன். இல்ல, வேண்டாம், டீயெல்லாம் அப்புறம். மேல சொல்லு. யாராவது நின்னாங்களா? திரும்பினாங்களா?

— பிள்ளைங்க யாரும் நிக்கலை. ஒரு டீச்சர் மட்டும் எதிர்ப்பக்கம் போனாங்க.

— எதிர்ப்பக்கமா? உள்ளயா?

— ஆமா. பிள்ளைங்க வெளிய வந்துக்கிட்டு இருக்கும்போதே உள்ள போனாங்க.

— யாரு அந்தப் புண்ணியவதி? கணக்கு டீச்சரா? கைப்பையை மறந்து வச்சுட்டாங்களா? இதுக்குத்தான்மா நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், பெரியவங்களுக்கும் சொல்லி வைன்னு! ஐநூறு பேர் ஒழுங்கா போற வழியில ஒருத்தர் எதிர்ல வந்தா போதும், மொத்தமும் கலைஞ்சிடும். ஒரு முட்டாள்தனம், நம்ம வேலை முழுக்கக் குட்டிச்சுவர். நாளைக்கே அவங்களைக் கூப்பிட்டுக் கண்டிச்சு வை.

— இங்க காட்டுங்க. எதிர்ப்பக்கம் போறது எதுவுமே கிடையாதா?

— வழவழ சுவர்ல உண்டு. இதோ, பழைய வாய்க்காலுக்கு நகர்த்துறேன். நடுவுல போற வெள்ளத்தைப் பார்க்காதே, ஓரத்தைப் பாரு. சுவரை ஒட்டினாப்பல.

— ஆமா. ஒண்ணு ரெண்டு எதிர்ல போகுது. நடுவுல இருக்கிறதுக்கு இது தெரியவே இல்ல.

— தெரியாது. சுவரை விட்டு விலகினா அதுவும் வெள்ளத்தோட போயிடும். ஒட்டிக்கிட்டே இருந்தா ஏறிடும். அதுக்குத்தான் பல்லே வச்சேன். எதிர்ல வர்றது பல்லுக்குள்ள போய் முட்டி, மேல போக முடியாம, தானா திரும்பி வெள்ளத்துல சேர்ந்துக்கும். உங்க டீச்சரையும் அது திருப்பியிருக்கணுமே!

— திருப்பப் பார்த்துச்சு. ஒவ்வொரு பலகையும் விலாவுல இடிச்சுது. ஆனாலும் அவங்க திரும்பலை.

— விலாவுல இடிச்சது உனக்கு எப்படித் தெரியும்?

— இன்னும் வலிக்குதுங்க.

— ... நீயா?

— ம்.

— நீயா போனே? ஒத்திகையில நீ எதுக்கு உள்ள போகணும்? வாசல்ல நிக்க வேண்டிய ஆளே நீதானே?

— ஒத்திகைன்னு நான் சொல்லலை. நீங்கதான் சொன்னீங்க.

— என்ன சொல்றே நீ?

— மேல் மாடியில கரண்ட் பெட்டி எரிஞ்சு போச்சு. முதல்ல கருகல் வாடை, அப்புறம் புகை. அப்பதான் மணி அடிச்சேன். உங்களுக்கு எத்தனை தடவை போன் பண்ணேன் தெரியுமா? உங்க போன் எங்க?

— வெளிய அலமாரியில. உள்ள வரும்போது எப்பவும் அங்கதான்... கடவுளே. கையைக் காட்டு. எங்க பட்டுச்சு? முந்தானையால தலையை ஏன் இப்படிச் சுத்திக் கட்டியிருக்கேன்னு பார்த்தேன். தூக்கு. முடி கருகியிருக்கே! நான் ஒரு மடையன், டீ போடறேன், தூண் வச்சேன்னு பேசிக்கிட்டு இருக்கேன்.

— ஒண்ணும் ஆகலை. முடி வளர்ந்துடும். பிள்ளைங்க யாருக்கும் ஒரு சிராய்ப்பு கிடையாது. தீயணைப்பு வண்டி வரும்போது மைதானத்துல வகுப்பு வாரியா நின்னுக்கிட்டு இருந்தாங்க. வண்டியில வந்தவர், 'எப்படிம்மா இவ்வளவு சீக்கிரம் வெளிய கொண்டுவந்தீங்க?'ன்னு கேட்டார். முதலை வாயைக் காட்டினேன். தடவித் தடவிப் பார்த்தார்.

— அதை விடு. நீ எதுக்கு உள்ள போனே?

— பாதிப் பேர் வெளிய போயிருப்பாங்க, நர்ஸம்மா கூட்டத்தோட கூட்டமா இழுபட்டு வராங்க. மருந்து எடுக்கக் கீழ வந்தவங்க. 'மேல சிக் ரூம்ல பிள்ளை இருக்கு'ன்னு கத்துறாங்க. அவங்களும் திரும்பப் பார்த்தாங்க. நடுவுல இருந்ததால முடியலை. வெள்ளம் அவங்களை அப்படியே வாசலுக்கு வெளிய கொண்டுபோய் விட்டுடுச்சு. நான் ஓரத்துல நின்னேன்.

— சுவரை ஒட்டி.

— சுவரை ஒட்டி. யோசிச்சுச் செய்யலை. கால் போச்சு. முதுகைச் சுவர்ல தேய்ச்சுக்கிட்டே போனேன். வராந்தா முடிஞ்சு படிக்கட்டு வந்ததும் சுலபமாயிடுச்சு, அங்க பலகை இல்லையே. மூணாம் வகுப்பு இறங்கிக்கிட்டு இருந்துச்சு. அவங்களுக்கு வழி விட்டுக்கிட்டே ஏறினேன். மேல போகப் போகப் புகை. கடைசி மாடியில தரை மட்டும்தான் தெரிஞ்சுது.

— போதும். கேட்கவே முடியலை. பிள்ளை கிடைச்சுதா?

— கிடைச்சுட்டா. போர்வையை இழுத்துத் தலை மேல போட்டுக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில இருந்தா. கீழ இருந்த புகையில்லாத காத்துதான் அவளைக் காப்பாத்துச்சு.

— அப்புறம்?

— அப்புறம் இறங்கி வந்தோம். அதுக்குள்ள படி காலியாயிடுச்சு. வெளிய தலையை எண்ணிப் பார்த்து எட்டுப் பேர் குறையுதுன்னு டீச்சருங்க அலறிக்கிட்டு இருந்தாங்க. அந்த நேரம் பார்த்து நான் எட்டுப் பேரோட வெளிய வந்தேன்.

— எட்டுப் பேரா! சிக் ரூம்ல அத்தனை பிள்ளைங்களா இருந்தாங்க? ஊரெல்லாம் காய்ச்சல்தான், இருக்கும். ஒண்டி ஆளா எட்டுப் பிள்ளைங்களை மீட்டுக்கிட்டு வந்திருக்கே!

— எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிறாங்க. தாளாளர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. பெத்தவங்க வந்து கட்டிப் பிடிச்சு அழுதாங்க. தோள் எலும்பு முறிஞ்ச பொண்ணோட அம்மாவும் வந்தாங்க. அன்னைக்குப் பேசாம உட்கார்ந்திருந்தவங்க, இன்னைக்கு 'நீங்க நல்லா இருக்கணும் டீச்சர்'னு சொன்னாங்க. நாளைக்கு எல்லாரையும் கூட்டி மேடை போடப் போறாங்களாம். நான் பேசணுமாம்.

— பேசு! கண்டிப்பா பேசு. பல்லு, தூணு எதையும் சொல்ல வேண்டாம். அதாவது, இவ்வளவு நேரம் நான் உளறினதுக்கெல்லாம் ஒரு அர்த்தமும் இல்ல. சுவர் ஐநூறு பேரைக் கூட்டிட்டுப் போகும்மா. விட்டுப்போன ஒரு ஆளுக்காகத் திரும்பிப் போக அதுக்குத் தெரியாது. அதுக்கு மனுஷன் வேணும். முட்டாள்தனம்னு சொன்னேன் பாரு, அந்த வார்த்தையை நான் எங்க கொண்டுபோய்க் கழுவுவேன்?

— கழுவ வேண்டாம். இருக்கட்டும்.

— இல்ல, தப்பு. வா, வீட்டுக்குப் போகலாம். போற வழியில டாக்டர்கிட்ட விலாவைக் காட்டிட்டுப் போயிடலாம். நீ நேரா வீட்டுக்குப் போகாம எதுக்கு இங்க வந்தே?

— உங்களை ஒண்ணு கேட்கணும்னு வந்தேன். இங்க பார்த்துச் சொல்லுங்க. ஓரத்துல இருக்கிற ஒண்ணு திரும்பி எதிர்ப்பக்கம் போனா, அதுக்குப் பக்கத்துல இருக்கிறது என்ன செய்யும்?

— பக்கத்துல இருக்கிறதா? நடுவுல இருந்தா கண்டுக்காது. அதே ஓரத்துல, ஒட்டினாப்பல இருந்தா அதுவும் திரும்பும். அதைப் பார்த்து அடுத்தது. அதுங்களுக்கு வாசல் எது, ஆபத்து எதுன்னு தெரியாதும்மா. பக்கத்துல இருக்கிறது எங்க போகுதுன்னு மட்டும்தான் தெரியும். ஏன் கேட்கிறே? அதான் எட்டுப் பேரையும் காப்பாத்திட்டியே!

— மேல இருந்தது ஒரே ஒரு பிள்ளைதாங்க. அவளைத் தூக்கிக்கிட்டுத் திரும்பினா, அந்தப் புகையில, சுவரை ஒட்டினாப்பல, ஒருத்தர் தோள்ல ஒருத்தர் கையை வச்சுக்கிட்டு, மத்த ஏழு பேரும் என் பின்னாடியே ஏறி வந்து நிக்கிறாங்க.